பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது: பழைய ஃபேட் பைக்கோடு ஒரு வருடம்

போன நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸில் ஒருவரிடம் பழைய ஃபேட் பைக் ஒன்றை, அதாவது பனியிலும் மணலிலும் ஓட்டுகிற பருத்த டயர் சைக்கிளை, 450 டாலருக்கு வாங்கினேன். நான்கு அங்குல டயர், 80 மில்லிமீட்டர் அகல ரிம், அலுமினிய ஃபிரேம், ஷாக் இல்லாத ஃபோர்க், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் பத்து. குளியலறைத் தராசில் நிறுத்தேன், 16 கிலோ. விற்றவர் இரண்டு குளிர்காலம் ஓட்டியதாகவும் முழங்கால் ஒத்துழைக்காததால் கொடுப்பதாகவும் சொன்னார். அவ்வளவு அகல டயரைத் தாண்டிச் செயின் போக வேண்டும் என்பதால் பெடல் அச்சு உட்காரும் குழாயே 100 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளில் அது 68 அல்லது 73தான். இதில் கால் இரண்டும் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி அகன்றுதான் நிற்கும். முதல் இரண்டு வாரம் எனக்கும் முழங்காலின் வெளிப்பக்கம் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. பழகாதவர்களும் இருக்கிறார்கள், வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கம். பள்ளி விடுமுறையில் வாடகை சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்தவன். பால்ஸ் மாற்றுவது, கோட்டம் எடுப்பது, ஓவராயில் எல்லாம் கை அறிந்த வேலை என்ற தைரியத்தில்தான் வாங்கினேன். வாங்கிய வாரமே கராஜில் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரக் கோட்டத்தை எடுத்து, செயினையும் பிரேக் பட்டையையும் புதிதாகப் போட்டு, எல்லா போல்ட்டையும் முறுக்கி முடித்தேன். அழகாகச் சுற்றியது. எங்கள் கராஜுக்குச் சின்ன ஹீட்டர் உண்டு, வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 12 டிகிரிக்குக் கீழே போகாது. அந்த ஹீட்டர்தான் என்னை மூன்று மாதம் ஏமாற்றியது.

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு, காலை மைனஸ் 21. ப்ளூமிங்டனில் மினசோட்டா ஆற்றை ஒட்டி ரிவர் பாட்டம்ஸ் என்று ஒரு பாதை இருக்கிறது. ஆற்று வெள்ளம் வந்து போகிற தாழ்வான காடு, பருத்த காட்டன்வுட் மரங்கள், வெயில் காலத்தில் வண்டலும் மணலும், குளிரில் முன்னால் போனவர்கள் மிதித்து இறுக்கிய ஒற்றையடிப் பனித்தடம். இந்த ஊர் ஃபேட் பைக்காரர்களுக்கு அது கோயில் பிரகாரம் மாதிரி. முதல் ஆறு கிலோமீட்டர் சொர்க்கம். சாதாரண சைக்கிள் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிடும் இடத்தில் இது மேலேயே மிதந்து போகிறது, டயருக்குக் கீழே பனி நறநறவென்று அரைபடுகிற சத்தம் மட்டும்.

சின்ன மேடு ஒன்றில் எழுந்து நின்று மிதித்தேன், கால் அப்படியே கீழே போய்விட்டது. மாடியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்து ஏமாறுவோமே, அந்த மாதிரி. செயின் அறுந்துவிட்டது என்று பார்த்தால் செயின் நன்றாக இருக்கிறது. பெடல் சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, பின்னால் பல்சக்கரமும் சுற்றுகிறது, சக்கரம் மட்டும் நிற்கிறது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். வியர்த்த உடம்போடு அந்தக் குளிரில் நடப்பது விளையாட்டல்ல, கார் வந்து சேர்ந்தபோது விரல் நுனிகள் என்னுடையதாகவே இல்லை.

வீட்டுக்கு வந்து கராஜில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், டிக் டிக் டிக் என்று அருமையாகப் பிடிக்கிறது! எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வழுக்கவில்லை. சரி, ஏதோ பனிக்கட்டி மாட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அதே கதை, இந்த முறை மூன்றாவது கிலோமீட்டரில். ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்குள் 20 டிகிரி வெப்பம், அங்கே அது ஏன் வழுக்கப் போகிறது? ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று 30 டாலர் வாங்கிக்கொண்டார்கள்.

விடை சொன்னது பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் சைக்கிள் ஓட்டுகிறவரே இல்லை, ஸ்னோமொபைல் என்கிற பனி மோட்டார் வண்டிக்காரர். நான் பனியைத் தள்ளிக்கொண்டே புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ராத்திரி முழுக்க வெளியே போட்டு வை, காலையில் பார்" என்றார். போட்டேன். காலையில் மைனஸ் 24. பெடலைக் கையால் முன்னால் சுற்றினேன், சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நிமிடம் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, கோளாறு கண் முன்னால் அகப்பட்டுவிட்டது.

விஷயம் இதுதான். பின்சக்கர ஹப்பில் ஃப்ரீஹப் என்று ஒரு பாகம், நம் ஊரில் ஃப்ரீவீல் என்போம், வேலை அதேதான். உள்ளே சின்னச் சின்ன நாக்குகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் தலைமுடி மாதிரி ஸ்பிரிங். மிதிக்கும்போது நாக்கு எழும்பிச் சுற்றியுள்ள பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்க வேண்டும், மிதிக்காதபோது மடங்கி வழிவிட வேண்டும், அந்த மடங்கலின் சத்தம்தான் டிக் டிக். நாக்கைச் சுற்றி கெட்டி கிரீஸ் அப்பியிருந்தால், குளிரில் அது மெழுகாக இறுகி நாக்கை மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. அந்த முடி ஸ்பிரிங்குக்கு அதை உடைத்து எழுப்ப பலம் போதாது. கொஞ்சம் சூடு பட்டதும் கிரீஸ் இளகி, நாக்கு எழும்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

பிரித்தேன். பிரிக்கும் முறை ஹப்புக்கு ஹப் மாறும். என்னுடையதில் கேசட் என்கிற பின் பல்சக்கரக் கொத்தைக் கழற்றிவிட்டு, அச்சின் நட்டைத் திறந்து, ஃப்ரீஹப்பை வெளியே இழுத்தால் போதும், மெதுவாக, ஒரு துணியை அடியில் விரித்துக்கொண்டு, ஏனென்றால் நாக்கும் ஸ்பிரிங்கும் எந்த நேரத்திலும் துள்ளி ஓடும். எனக்கு ஒன்று ஓடியது, காந்தத்தை வைத்துத் தேட முக்கால் மணி நேரம். உள்ளே இருந்த கிரீஸ் பழைய குல்கந்து மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பாவம் நல்லது செய்வதாக நினைத்து பேரிங் கிரீஸையே நாக்குக்கும் அள்ளி வைத்திருக்கிறார். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, காய்ந்ததும் நாக்குகளின் மேல் மெல்லிய எண்ணெய் நான்கைந்து சொட்டு. பேரிங்குக்கு மட்டும் கிரீஸ், நாக்குக்கு எண்ணெய். எண்ணெய் சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டியிருக்கிறது, சத்தமும் முன்னைவிட அதிகம், பரவாயில்லை. மறுபடியும் ஓர் இரவு வெளியே போட்டேன். காலையில் மைனஸ் 19ல் டிக் டிக்.

பாதையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய பல்சக்கரத்தை ஸ்போக்கோடு சேர்த்து நான்கைந்து ஜிப் டையால் (வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) கட்டிவிட்டால் ஃப்ரீஹப்பே தேவையில்லை, சக்கரமும் பல்சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். ஆனால் அப்புறம் கால் ஓயவே கூடாது, சக்கரம் உருளும் வரை பெடலும் உருளும். மிதிப்பதை நிறுத்தினால் செயின் தொய்ந்து கியரில் சிக்கிவிடும். மெதுவாக வீடு வந்து சேர மட்டும் இது. இப்போது இருக்கைக்கு அடியில் எட்டு ஜிப் டை எப்போதும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கராஜில் எதைச் சரி செய்தாலும் ஒரு ராத்திரி வெளியே கிடந்து காலையில் வேலை செய்தால்தான் நோட்டில் டிக் போடுவேன். அதற்கென்றே பின்வாசல் தூணில் ஒரு கொக்கி அடித்தேன்.

அடுத்து காற்று. இதில்தான் நான் பெரிய முட்டாள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றுச் சொல்கிற குடும்பம் எங்களுடையது. ஃபேட் டயரில் அந்த வித்தை செல்லாது. குளிரில் ரப்பரே விறைத்துப் போவதால் காற்று இல்லாத டயர்கூடக் கெட்டியாகத் தெரியும். வீட்டில் இருந்த நின்று அடிக்கிற பம்பின் மீட்டர் 160 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) வரை போகும், அதில் 5க்கும் 8க்கும் வித்தியாசம் முள்ளின் தடிமன் அளவுதான். 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று 25 டாலருக்கு வாங்கினேன். இந்தச் சைக்கிளுக்கு நான் செய்த செலவுகளில் முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான்.

மீட்டர் வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. கராஜில் 8 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு போவேன், அங்கே போனால் டயர் தொளதொளவென்று ஆடும், தார் ரோட்டில் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும், வேரில் ஏறினால் ரிம் டங்கென்று இடிக்கும். பஞ்சர் என்று நினைத்து ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கி, குமிழி வராமல் திரும்ப மாட்டியது இரண்டு தடவை. கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம் மட்டும். வெளிக்காற்றே 14.7, அதோடு 8 சேர்த்து 22.7. 20 டிகிரியில் நிரப்பிய அந்தக் காற்றை மைனஸ் 20க்குக் கொண்டு போனால் கெல்வின் கணக்கில் 293லிருந்து 253க்கு இறங்குகிறது, அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கி 19.6 ஆகிறது. 14.7ஐக் கழித்தால் மீதி 4.9. ஆக, ஓட்டையே இல்லாமல் 8 பிஎஸ்ஐ 5க்குக் கீழே போய்விட்டது! என் கராஜ் 20 டிகிரி இல்லை, ஆனாலும் நஷ்டம் இரண்டரைக்கு மேல் வரும். 80 பிஎஸ்ஐ அடிக்கிற ரோடு சைக்கிளிலும் இதே குளிரில் 12, 13 குறையும்தான், ஆனால் மிச்சம் 67 இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எட்டில் மூன்று போனால் சைக்கிளே வேறாகிவிடுகிறது.

இப்போது வெளியே கால் மணி நேரம் வைத்து ஆறிய பிறகுதான் அளப்பது. இறுகிய தடத்தில் 6, புதிதாக விழுந்த மிருதுவான பனியில் 4, இன்னும் மோசமென்றால் 3, தார் ரோட்டில் வெகுதூரம் போக வேண்டுமென்றால் 13. இவை என் எடைக்கு. நானும் உடுப்பும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, அதாவது 220 பவுண்டு. 5 பிஎஸ்ஐயில் அதைத் தாங்க இரண்டு டயரும் சேர்ந்து 44 சதுர அங்குலம் தரையைத் தொட வேண்டும். டயர் சுவரும் கொஞ்சம் தாங்குவதால் இது தோராயம்தான், ஆனாலும் ரோடு சைக்கிள் அதே எடையை மூன்று சதுர அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் இறக்குகிறது என்று பார்த்தால் எது மிதக்கும் எது புதையும் என்று தெரிந்துவிடும். இங்கே மட்டம் தட்டிப் பராமரிக்கிற பனிப்பாதைகளிலும் இதையேதான் கேட்கிறார்கள், அகலமான டயர், 10க்குக் கீழே காற்று, உங்கள் டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் போடுகிறது என்றால் இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். மற்றவன் இறுக்கி வைத்த தடத்தை உழுதுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது ரத்தம் கொதிக்கிறது.

பிரேக் கதை சுருக்கம். வந்தபோது இருந்தது மினரல் ஆயில் போட்ட ஹைட்ராலிக் டிஸ்க். மைனஸ் 20ல் லீவரைப் பிடித்து விட்டால் அது நிதானமாக யோசித்துத் திரும்பி வந்தது, எண்ணெய் கெட்டியாகிவிடுகிறது. டாட் திரவம் போடுகிற பிரேக் குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது, உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். எனக்குக் கம்பி இழுக்கிற டிஸ்க் பிரேக் போதும் என்று மாற்றிக்கொண்டேன். மாற்றிய வாரமே ரோட்டுச் சேற்றோடு வந்த சைக்கிளைக் குளியல் தொட்டியில் நிறுத்திக் குழாயடித்துக் கழுவினேன். "ஏங்க, எருமையக் குளிப்பாட்டுற எடமா இது?" என்று மனைவி கேட்டதைப் பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்தியிருக்கலாம். கம்பி உறைக்குள் தண்ணீர் போய், மறுநாள் வெளியே கொண்டு போனதும் உறைந்து, பின்பிரேக் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது. உறையும் கம்பியும் புதிது போட வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் இப்போது தண்ணீரே கிடையாது, பனியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கராஜில் முழுதாகக் காய விட்டு, துணியால் துடைப்பதோடு சரி.

ஜனவரியில் ட்யூப்லெஸ் பைத்தியம் பிடித்தது. ஃபேட் ட்யூப் ஒன்று அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது, குறைந்த காற்றில் ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரட்டைப் பல் பட்ட மாதிரி ஓட்டை விழுவதும் தொல்லை. என் ரிம் ட்யூப்லெஸுக்காகச் செய்ததல்ல, எடை குறைக்க நடுவில் வரிசையாகப் பெரிய ஓட்டைகள் வேறு. அகல டேப் இரண்டு சுற்று ஒட்டி, வால்வு மாட்டி, டயரைப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிப் பம்ப் அடித்தால் அடிக்கிற காற்றெல்லாம் ஓரமாகவே போகிறது, டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரவே மாட்டேன் என்கிறது. கம்ப்ரஸர் கடன் வாங்கி அடித்தாலும் அதே. நான்கு மாலை வீணாகின. ஒரு மாலை, கசிவை அடைக்கிற சீலன்ட் திரவம் 150 மில்லி ஊற்றிய பிறகு டயர் பிதுங்கி மொத்தமும் சுவரிலும் என் சட்டையிலும். ரப்பர் பால் அது, சட்டையிலிருந்து போகவே போகாது.

முடிவில் வேலை செய்தது இது. ஜன்னல் இடுக்கை அடைக்க விற்கிற நுரைக் கயிறு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதை ரிம்மின் இரண்டு ஓரத்திலும் டேப்புக்கு அடியில் ஓட விட்டேன், விளிம்பு உட்காரும் இடம் கொஞ்சம் உயர்ந்து இறுக்கமானது. அப்புறம் ட்யூபைப் போட்டு நன்றாகக் காற்றடித்து ஒரு ராத்திரி விட்டேன், டயரின் மடிப்பெல்லாம் நிமிர்ந்தது. காலையில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ட்யூபை உருவினேன், அடுத்த பக்கம் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கும், அதனால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்தைத் தரையில் வைக்காமல் கயிற்றில் தொங்கவிட்டு, வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் கம்ப்ரஸரால் ஒரே மூச்சில் அடித்தபோது டப் டப் என்று இரண்டு வெடிச் சத்தம், விளிம்பு ஏறிவிட்டது. அந்தச் சத்தத்துக்காக நான்கு மாலை போனது நியாயமா என்றால், தெரியாது. வழக்கப்படி கொக்கியில் தொங்கவிட்டேன். பின்டயர் ராத்திரியில் முழுக்க இறங்கிவிட்டது. வால்வு அடியில் உள்ள ரப்பர் குளிரில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறது, கராஜில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை! வெளியே வைத்தே வால்வு வளையத்தை இன்னொரு கால் சுற்று இறுக்கியதும் நின்றது. சீலன்ட் வாங்கும்போது பாட்டிலில் எத்தனை மைனஸ் வரை உறையாது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பிப்ரவரியில் பகலில் உருகி இரவில் உறைகிற காலம். பனி எல்லாம் கண்ணாடியாகும், அங்கே அகல டயரால் ஒரு பயனும் இல்லை, விழுந்தால் விழுந்ததுதான். ஒருமுறை விழுந்து இடுப்பில் கத்திரிக்காய் நிறத்தில் வீக்கத்தோடு வந்த பிறகு, ஸ்டட் பதிக்கக் குழியோடு வருகிற டயர் வாங்கினேன். ஸ்டட் என்றால் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த குட்டி ஆணி. பதித்தே வருகிற டயரும் உண்டு, விலை அதிகம் என்று நானே பதித்தேன். ஒரு டயரில் 240 குழி. சோப்புத் தண்ணீரில் நனைத்து, கைக்கருவியால் அமுக்கித் திருகி, நேராக நிற்கிறதா என்று பார்த்து, அடுத்தது. முதல் டயருக்கே உள்ளங்கையில் கொப்புளம், இரண்டாவதற்கு மகளையும் சேர்த்துக்கொண்டேன், நூறு ஆணிக்கு ஐந்து டாலர் கூலி. புதிதில் 50 கிலோமீட்டர் தார் ரோட்டில் திடீர் பிரேக் இல்லாமல் ஓட்ட வேண்டும், அப்போதுதான் ஆணி குழியில் இறுகும். நறுநறுவென்று ரோடே திரும்பிப் பார்க்கும். ஸ்டட் இருக்கிறதென்று ஏரிமேல் இறங்குவதற்கு முன்னால் பனிக்கட்டியின் தடிமனைப் பாருங்கள், மாநில இயற்கை வளத்துறை நடப்பதற்கே குறைந்தது 4 அங்குலத் தெளிந்த கட்டி இருக்க வேண்டும் என்கிறது, அதுவும் ஓட்டம் இல்லாத நீரில்.

கை காலுக்கு இரண்டு வரி. ஹேண்டில்பாரில் மாட்டுகிற போகீஸ் என்ற பெரிய உறைக்குள் கையை விட்டால் மெல்லிய கையுறையே போதும், கியரும் பிரேக்கும் உள்ளேயே. அலுமினியப் பெடல் பாதத்துச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நைலான் பெடலுக்கு மாறியது 20 டாலரில் பெரிய சுகம்.

மார்ச்சில் பெடல் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் என்று ஒரு சத்தம். இது கொஞ்சம் பழைய வைரி, உப்பு. தூத்துக்குடியில் உப்பளக் காற்றில் சைக்கிள் செயின் ஒரு வாரத்தில் செம்பருத்தி நிறமாகும், அதிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கடலே இல்லாத ஊருக்கு வந்தால், இங்கே பனியை உருக்க ரோடு முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புக் கரைசல் சீட்டுத் தண்டு வழியாகவும் சின்ன ஓட்டைகள் வழியாகவும் இறங்கி, பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில் போய்த் தேங்குகிறது. பெடலைத் தாங்குகிற கிராங்கைக் கழற்றிவிட்டு, பேரிங் உட்காரும் வலப்பக்கக் கப்பைத் திருப்பினேன், அசையவில்லை. ஸ்பானருக்குக் குழாய் மாட்டி நீளமாக்கித் தொங்கினேன், அப்படியும் அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது. வலப்பக்கத் திருகு தலைகீழ், கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இருபது நிமிடமாக இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் கடை அண்ணன் பார்த்திருந்தால் ஸ்பானராலேயே தலையில் போட்டிருப்பார்.

கழற்றினால் அரை டம்ளர் துருத்தண்ணீர், இடப்பக்க பேரிங் உருளையெல்லாம் பொடி. புதிய பிராக்கெட் 40 டாலர், திருகில் தாராளமாகக் கிரீஸ். குழாயின் அடியில் வடிகால் ஓட்டை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மண் அடைத்துக் கிடந்தது, அதைக் குத்தித் திறந்தேன். அந்த ஓட்டை திறந்திருந்தால் 40 டாலர் மிச்சம்.

ஜூலையில் குடும்பத்தோடு டுலூத் போனோம், மினியாபொலிஸிலிருந்து 250 கிலோமீட்டர் வடக்கே. சுப்பீரியர் ஏரிக்கரை. ஏரியல் லிஃப்ட் பிரிட்ஜ் என்ற தூக்குப் பாலத்தைத் தாண்டினால் பார்க் பாயின்ட், ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் 11 கிலோமீட்டருக்கு மெல்லிய மணல்திட்டு. நான்கு பிஎஸ்ஐக்கு இறக்கிக்கொண்டு அலை நனைத்த ஓரத்தில் ஓட்டினேன், நன்றாகப் போனது. ஈரம் தாண்டிய உலர்ந்த மணலில் அந்த நான்கிலும் புதைந்தது, 3க்கு இறக்கியதும் ஏறியது, ஆனால் நூறு மீட்டருக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டும். மணலில் முன்சக்கரத்தைத் திருப்பினால் அது கலப்பை ஆகிவிடும், உடம்பைச் சாய்த்துத்தான் வளைக்க வேண்டும், பனியிலும் அப்படித்தான். மணல்மேட்டில் புல் நட்டிருக்கிறார்கள், அதன் மேல் ஏறக் கூடாது, மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் புல்தான்.

பனிக்கும் மணலுக்கும் ஒரே டயர் என்பது தற்செயல் இல்லை. அலாஸ்காவில் 1987ல் ஐடிடபைக் என்று 200 மைல் பனிப் பந்தயம் தொடங்கியது. அங்கே ஃபேர்பேங்க்ஸில் சைமன் ரகோவர் 44 மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்னோகேட் ரிம் செய்தார். அதே காலத்தை ஒட்டி நியூ மெக்சிகோவின் ரே மொலினா பாலைவன மணலுக்காக 82 மில்லிமீட்டர் ரிம்மும் அதற்கேற்ற டயரும் செய்தார். இரண்டு வழியும் சேர்ந்துதான் இன்றைய ஃபேட் பைக். 2005ல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற மாடலைக் கொண்டு வந்த பிறகு இது கடையில் கிடைக்கிற பொருளானது. சர்லி இருப்பது ப்ளூமிங்டனில், நான் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்த அதே ஊரில்.

டுலூத்திலிருந்து கிளம்பும்போது செயினெல்லாம் மணல். கடற்கரைப் பழக்கத்தில் உப்பைக் கழுவ வேண்டுமே என்று பைப்பைத் தேடி அலைந்தேன். "இங்க பூரா நல்ல தண்ணிதானங்க, ஏரியிலயே கழுவுங்க" என்றாள் மனைவி. அதுவும் சரிதான். பாட்டிலில் மொண்டு மொண்டு ஊற்றிச் செயினைக் கழுவி, வெயிலில் காய வைத்து எண்ணெய் விட்டேன். அந்தப் பயணத்தில் வந்த ஒரே ரிப்பேர் அதுதான்.

இப்போது அக்டோபர் கடைசி. நேற்று ஹப்பைத் திறந்து, துடைத்து, நாக்குக்குப் புது எண்ணெய் விட்டு மூடியிருக்கிறேன். கராஜில் டிக் டிக் என்று அருமையாகப் பிடிக்கிறது. சைக்கிள் பின்வாசல் கொக்கியில் தொங்குகிறது, இன்று காலை வெளியே மைனஸ் 2தான், நோட்டில் அந்த வரிக்கு எதிரே இன்னும் டிக் போடவில்லை.